சிகரெட் நின்ற வாரம்: க்ளோசபின் எடுத்துவந்த ஒருவருக்கு எலும்பு முறிவு வார்டில் நடந்தது

இதில் வருபவரும் அவருடைய அக்காவும் இதை எழுதச் சம்மதித்தவர்கள். எழுதி முடித்ததும் இருவரும் படித்தார்கள், இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தின் அளவு, நாள் கணக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை மாற்றவில்லை. நான் பத்து ஆண்டுகளாக அவருக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர். நடந்ததில் என் பங்குத் தவறுகளும் உண்டு, அவற்றையும் அந்தந்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

இருபது வயதில், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறைக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுவதாக அவருக்குத் தோன்றத் தொடங்கியது. அறையை மாற்றிக்கொண்டார். பேச்சும் கூடவே வந்தது. படிப்பு நின்றது, வீட்டுக்கு வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். பதினான்கு மாதம் கழித்துத்தான் முதல் முறையாக ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். சைக்கோசிஸ் (இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற நிலை) தொடங்கி, சிகிச்சை தொடங்காமல் போகிற காலம் நீள நீளத் தேறுவது கடினமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த ரெய்ஸ் ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் காலம் 74 வாரமோ அதற்கு மேலோ இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் இவர் குடும்பம் அசாதாரணமாகத் தாமதித்துவிடவில்லை. அக்கா இன்னும் அந்தப் பதினான்கு மாதத்துக்காக வருத்தப்படுகிறார் என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

மனச்சிதைவு நோய் என்று உறுதியானது. முதலில் ரிஸ்பெரிடோன், பிறகு ஒலன்சபின். இரண்டையும் போதுமான அளவில், போதுமான காலம் கொடுத்தும் குரல்கள் ஓயவில்லை. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் குறைந்தது ஆறு வாரம் வீதம் கொடுத்தும் பலன் இல்லையென்றால் அடுத்துத் தர வேண்டியது க்ளோசபின். மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வருகிறார். இவருக்கோ அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் மருந்தை மாற்றுவதிலும் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதிலுமே போயின. 28 வயதில் என்னிடம் வந்தபோதுதான் க்ளோசபின் தொடங்கினோம்.

ஐந்து மாதத்தில் மாற்றம் தெரிந்தது. “மூணு பேர் பேசிட்டிருந்தாங்க டாக்டர், இப்ப ஒருத்தர்தான். அவரும் சாயங்காலம்தான் வர்றார்” என்றார். புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறை ஒன்றில் அரை நாள் வேலைக்குப் போனார். காலையில் 100 மி.கி., இரவில் 300 மி.கி. என்று அளவு நிலைத்தது. விபத்துக்கு ஆறு மாதம் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் க்ளோசபின் அளவு மில்லிலிட்டருக்கு 380 நானோகிராம். 350க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மருந்து வேலை செய்யும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு.

ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பார். இது அவருடைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், பத்து ஆண்டுக்கு முன் என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மா இறந்த பிறகு அக்காவோடு இருக்கிறார். அக்கா ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தூக்கம், வயிறு, பேச்சு, வேலைக்குப் போனானா என்று நாளுக்கு ஒரு வரி. க்ளோசபின் தொடங்கிய முதல் ஆண்டில் மலச்சிக்கலைக் கவனிப்பதற்காக நான்தான் அதை எழுதச் சொன்னேன். சில மாதத்தில் அதைக் கேட்டுப் படிப்பதை நான் விட்டுவிட்டேன். அக்கா எழுதுவதை விடவில்லை.

இந்த மருந்து ஏன் தனியானது

மற்ற வார்டுகளில் வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். 1988ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மற்ற மருந்துகளுக்கு இணங்காத 268 பேர் இருந்தார்கள். க்ளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் தேறினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த குளோர்ப்ரோமசினில் அது 4 சதவீதம்தான். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறுபடி மறுபடி தற்கொலைக்கு முயலும் அபாயத்தைக் குறைப்பதற்கென்றும் 2002ல் அனுமதி பெற்றது. இவ்வளவு நல்லது செய்யும் மருந்தை ஏன் எல்லோரும் தயங்கித் தயங்கித் தருகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் 1975ல் பின்லாந்தில் நடந்தது. சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்து, தொற்று வந்து இறந்தார்கள். அன்றிலிருந்து க்ளோசபின் என்றாலே ரத்தப் பரிசோதனைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

மற்ற ஆபத்துகளை அந்தப் பயம் மறைத்துவிடுகிறது. குடல் அசைவை இந்த மருந்து மெதுவாக்கும். கவனிக்காத மலச்சிக்கல் குடல் அடைப்பாகி உயிரையே எடுத்திருக்கிறது. ரத்தத்தில் அளவு ஏற ஏற வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது. 12.5 மி.கி.யில் இருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் சரியலாம், இதயம் பாதிக்கலாம்.

இன்னொன்றுதான் இந்த நிகழ்வின் மையம். க்ளோசபினைக் கல்லீரலில் உடைப்பது முக்கியமாக சிஒய்பி1ஏ2 என்ற நொதி. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. நாளுக்குப் பத்துச் சிகரெட் போதும், ஏறக்குறைய முழு வேகத்துக்குப் போய்விடும். அதனால் புகைப்பவருக்கு அதிக மருந்து தேவைப்படுகிறது. புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அது ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். முடுக்குவது புகைதான், நிகோடின் இல்லை. ஆகவே நிகோடின் பேட்ச் ஒட்டினால் ஏக்கம் தணியும், மருந்தின் அளவு ஏறுவது நிற்காது. கடும் தொற்றும் உடலில் அழற்சியும் இதே நொதியை அடக்கும்.

விழுந்ததிலிருந்து வலிப்பு வரை

முதல் நாள்: பட்டறைப் படிக்கட்டில் தவறி விழுந்தார். தொடை எலும்பு முறிவு. பொது மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவு வார்டில் சேர்த்தார்கள். அவர் எடுக்கும் மாத்திரைகளை அக்கா சொன்னார். வார்டில் க்ளோசபின் இருப்பில் இல்லை. மறுநாள் அறுவை சிகிச்சை, வாய்வழி எதுவும் வேண்டாம் என்றார்கள். இரவு மாத்திரை விட்டுப்போனது.

இரண்டாம் நாள்: எலும்புக்குள் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். மாலையில் அக்கா வீட்டிலிருந்து மாத்திரையைக் கொண்டுவந்தார். இரவு 300 மி.கி. கொடுத்தார்கள். கடைசி மாத்திரைக்கும் இதற்கும் 36 மணி நேர இடைவெளி. 48 மணி நேர விதி அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அக்காவின் வேகம்தான் காப்பாற்றியது. அன்று மதியம் அவர் எங்கள் மையத்துக்கும் போன் செய்திருந்தார். “வார்டு டாக்டரை எங்களிடம் பேசச் சொல்லுங்கள்” என்று பதில் சொல்லியிருக்கிறோம். வார்டிலிருந்து யாரும் பேசவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள்: சிகரெட் கேட்டுத் தவித்தார். ஒரு செவிலியர் அன்போடு நிகோடின் பேட்ச் வாங்கித் தந்தார்.

நான்காம் நாள்: இருமல், 39 டிகிரி காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள்.

ஐந்தாம் நாள்: பகல் முழுக்கத் தூக்கம். பேச்சு குழறியது. தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடிந்தது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின்தான் காரணம் என்று நினைத்து அதைக் குறைத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் முதலில் அதையே நினைத்திருப்பேன்.

ஆறாம் நாள்: கேஸ் ஷீட்டில் “மனநோயாளி, ஒத்துழைப்பு இல்லை” என்று ஒரே வரி இருக்கிறது. அதே நாளைக்கு அக்காவின் நோட்டில் இருப்பது இது: “எழுப்பினா முழிக்கிறான், என் பேரைச் சொன்னான். கை வெட்டி வெட்டி இழுக்குது. டம்ளர் ரெண்டு தடவை விழுந்தது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. விழுந்ததுல இருந்து வெளிக்குப் போகல. இவன் இப்படி இருக்க மாட்டான்.”

கை வெட்டி இழுப்பது க்ளோசபின் அளவு மிகும்போது வலிப்புக்கு முன்னால் வரக்கூடிய அறிகுறி. அக்காவுக்கு அது தெரியாது. ஆனால் எழுதி வைத்தார். வார்டில் இரண்டு பேரிடம் சொல்லியும் பார்த்திருக்கிறார். அவர்கள் அதை நோயின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மனநோய் என்று எழுதியாகிவிட்டால், பிறகு உடம்பு சொல்வதெல்லாம்கூட மனநோயாகவே கேட்கிறது. மனச்சிதைவு உள்ளவர்கள் உரிய வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த மரணங்களில் பெரும்பகுதி உடல் நோய்களால் வருவது. அப்படி ஒரு மரணம் எப்படி நேரக்கூடும் என்பதை இந்த ஆறு நாட்களின் குறிப்புகளில் நான் பிறகு கண்டேன்.

ஏழாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு உடம்பு முழுவதும் வலிப்பு, இரண்டு நிமிடம். தலை ஸ்கேன், சர்க்கரை, சோடியம் எல்லாம் சரியாக இருந்தன. டியூட்டி டாக்டர் க்ளோசபினை நிறுத்தச் சொன்னார். ஒன்பது மணிக்கு அக்கா எனக்கே போன் செய்தார்.

ஏழாம் நாள் எடுத்த முடிவுகள்

எங்கள் குழுவின் செவிலியரோடு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் என் மனதில் ஓடியது வேறு பட்டியல். தொடை எலும்பு முறிந்தால் கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தது. மனநோய் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் உடல் விறைத்துக் கொதிக்கும் அந்த அபூர்வ எதிர்வினையை நினைக்க வேண்டும். கை கால்களில் விறைப்பே இல்லை. க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல் என்றால் வெள்ளை அணுக்களைப் பார்த்தாக வேண்டும். அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 9,800, தொற்றின்போது கூட வேண்டியபடி கூடித்தான் இருந்தது.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, செவிலியர் அக்காவோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “அக்கா, தம்பி கடைசியா எப்ப சிகரெட் பிடிச்சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. விழுந்த அன்று காலை என்றார் அக்கா. ஆறு நாள். நடுவில் நிமோனியா. அப்புறம் வரிசையாக எல்லாம் புரிந்தது.

உடனே ரத்தம் எடுத்து க்ளோசபின் அளவுக்கு அனுப்பினோம். முந்தின இரவு ஒன்பது மணிக்குக் கடைசி மாத்திரை, அதாவது பதினான்கு மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்தில் எடுப்பதுதான் முறை என்றாலும் இது போதும் என்று நினைத்தேன். முடிவு வர நான்கு நாள் ஆகும். அதுவரை ஊகத்தின் மேல்தான் முடிவெடுக்க வேண்டும்.

மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. “வலிப்பு வரவழைத்த மருந்தை மறுபடியும் எப்படிக் கொடுப்பது?” என்று வார்டு மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதிலில் மூன்று பகுதி இருந்தது. அளவு மிகுந்ததால் வந்த வலிப்பு, அளவைக் குறைத்தால் அடங்கும். க்ளோசபினைத் திடீரென்று முழுவதும் நிறுத்தினால் சைக்கோசிஸ் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம், கூடவே வாந்தி, வியர்வை, குழப்பமும் வரலாம். மேலும் 48 மணி நேரத்தைத் தாண்டவிட்டால், எலும்பு உடைந்து படுத்திருப்பவருக்கு 12.5 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அந்த வாரங்களில் அவருக்குக் குரல்களைத் தவிர வேறு துணை இருக்காது. இந்த மனிதருக்கு மற்ற மருந்துகள் ஏறக்குறைய ஏழு ஆண்டு வேலை செய்யவில்லை என்பதையும் சொன்னேன்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. ஏழாம் நாள் முழுவதும் மாத்திரை இல்லை. எட்டாம் நாள் காலை 50 மி.கி., இரவு 150 மி.கி., அதாவது பழைய அளவில் பாதி. வலிப்பைத் தடுக்கச் சில வாரத்துக்கு வால்ப்ரோயேட். அது க்ளோசபினோடு சேர்ந்தால் வெள்ளை அணுக்கள் குறையும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் க்ளோசபின் அளவு இறங்கியதும் வால்ப்ரோயேட்டைக் குறைத்து நிறுத்துவது.

வயிற்றை எக்ஸ்ரே எடுத்தபோது பெருங்குடல் முழுவதும் மலம் இறுகிக் கிடந்தது. அடைப்பு இன்னும் ஆகவில்லை. க்ளோசபினும் மார்ஃபினும் இரண்டுமே குடலை நிறுத்தக்கூடியவை. இரண்டையும் சேர்த்துத் தரும்போது முதல் நாளிலிருந்தே மலமிளக்கி தர வேண்டும். அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து பார்த்தார், மார்ஃபின் நின்றது, குடலைத் தூண்டும் மருந்தும் மலத்தை இளக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வயிறு இளகியது. வலிப்பு எல்லோரையும் பயமுறுத்தியது, ஆனால் அந்த வாரத்தில் அவர் உயிருக்குப் பெரிய ஆபத்து வயிற்றில்தான் இருந்தது என்பது என் கருத்து.

முடிவு வந்தபோது

பதினோராம் நாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த எண் 1,240. ஆறு மாதம் முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆயிரத்தைத் தாண்டினால் வலிப்பு அபாயம் வெகுவாகக் கூடும். சிகரெட் நின்றது மட்டும் காரணமாக இருந்திருந்தால் 600க்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். மீதியை நிமோனியா ஏற்றிவிட்டது. பதினைந்தாம் நாள், காய்ச்சல் விட்ட பிறகு, 200 மி.கி.யில் அளவு 310. அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, பைண்டிங் பாதியில் நிற்கும் புத்தகக் கட்டைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டார். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்.

வீடு திரும்பிய பிறகு

இங்கே நிறுத்தியிருந்தால் இது மருந்தைப் பற்றிய குறிப்பு மட்டும்தான். அடுத்து நடந்ததுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

டிஸ்சார்ஜ் கடிதத்தில் “கண்டிப்பாகப் புகைபிடிக்கக் கூடாது” என்று எழுதி அடிக்கோடிட்டேன். அவரிடமும் அக்காவிடமும் பயமுறுத்தும் குரலில் சொன்னேன். மூன்று வாரம் சிகரெட் இல்லாமல் இருந்தாகிவிட்டது, இந்த நல்ல வாய்ப்பை விடக் கூடாது என்பது என் நினைப்பு. மாத்திரையை 200 மி.கி.யிலேயே வைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து அக்கா போன் செய்தார். தம்பி ராத்திரியில் ரேடியோவை அணைப்பதே இல்லை, நிலையம் மாறி வெறும் இரைச்சல் வந்தாலும் அப்படியே விட்டுவிடுகிறான் என்றார். குரல்களை மூழ்கடிக்கப் பலர் செய்வது அது. வரவழைத்துப் பார்த்தோம். மூன்று குரல்களும் திரும்பியிருந்தன. பட்டறை முதலாளி தன்னை மாட்டிவிடப் பார்ப்பதாகவும் ஒரு சந்தேகம். ரத்தத்தில் க்ளோசபின் 190.

மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்று இருவருமே சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, மாத்திரையைத் துப்புகிறாரோ என்றுகூட நினைத்தேன். செவிலியர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சிகரெட் தொடங்கிவிட்டது. நாளுக்கு எட்டு, பத்து. “டாக்டர் திட்டுவார்னு சொல்லல. அக்காவுக்குத் தெரிஞ்சா அழும்.”

மாத்திரையை அவர் ஒரு நாளும் விடவில்லை. நான்தான் அவர் உண்மையைச் சொல்ல வழி இல்லாமல் செய்துவிட்டேன். புகைப்பதும் நிறுத்துவதும் அவர் உரிமை, புகைக்கிறாரா என்று தெரிந்துகொள்வது என் தேவை. இரண்டையும் ஒரே அடிக்கோட்டில் போட்டுக் குழப்பியது என் தவறு.

அடுத்த சந்திப்பில் மன்னிப்புக் கேட்டேன். சிகரெட் அவருக்கு என்னவாக இருக்கிறது என்று முதல் முறையாகக் கேட்டேன். பத்து ஆண்டில் முதல் முறை. பட்டறையில் இடைவேளை மணி அடித்தால் எல்லோரும் வெளியே போய்ப் பிடிப்பார்களாம். “அங்க நின்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க டாக்டர். சும்மா நிக்கலாம். நானும் அவங்கள்ல ஒருத்தன்.” சிகரெட்டை விடு என்று நான் சொன்னது, அந்தப் பத்து நிமிடத்தை விடு என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் செய்தோம். பிடிக்கலாம், விடலாம், குறைக்கலாம், கூட்டலாம். எது மாறினாலும் அதே நாளில் செவிலியருக்கு ஒரு போன். யாரும் திட்ட மாட்டோம், மாத்திரையை அதற்கேற்ப மாற்றுவோம். படிப்படியாக 375 மி.கி.க்கு ஏற்றினோம், ரத்தத்தில் அளவு 350க்கு வந்தது. ஆறு வாரத்தில் ரேடியோ நின்றது. முதலாளி மேல் இருந்த சந்தேகம் மங்கியது, ஆனால் முழுவதும் போகப் பல மாதம் ஆனது. அந்த நேரத்தில் முதலாளி வேலையைப் பிடித்துவைத்திருந்தார். அவரோடு பேச எங்கள் சமூகப் பணியாளர் இரண்டு முறை போனார். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை முன்கூட்டியே இவரிடம் கேட்டுக்கொண்டுதான் போனார்.

நான்காம் மாதம் அவரே வந்து, சிகரெட்டை விடப்போகிறேன் என்றார். புகைத்தால் எலும்பு சேரத் தாமதமாகும் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தார். நான் ஆண்டுக்கணக்கில் சொன்ன நுரையீரல், இதயம் எதுவும் அவரை அசைக்கவில்லை. ஊன்றுகோலை விட வேண்டும் என்ற ஆசை அசைத்தது. நாளை அவரே குறித்தார். சிகரெட்டை விட உதவும் வரெனிக்லின் மாத்திரை தந்தோம். மனநோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது என்ற பயம் முன்பு இருந்தது. 2016ல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். கடுமையான மனநலப் பாதிப்பு வரெனிக்லினால் குறிப்பிடும்படி கூடவில்லை. க்ளோசபினைப் பத்து நாளில் 375லிருந்து 325, 275, 250 என்று இறக்கினோம். ஏழாம் நாளும் மூன்றாம் வாரமும் ரத்தம் பார்த்தோம். 250 மி.கி.யில் அளவு 370ல் நின்றது. இடைவேளையில் இப்போதும் வெளியே போய் அவர்களோடு நிற்கிறார், கையில் சிகரெட் இல்லாமல். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

ஏழு வாரம் கழித்து ஒரு முறை வழுக்கியது. செவிலியருக்கு அவரே போன் செய்தார்: “நாலு நாளா பிடிக்கிறேன். மாத்திரைய என்ன பண்ணட்டும்?” அளவை மாற்றாமல் ரத்தம் மட்டும் எடுத்தோம். முடிவு வருவதற்குள் அவரே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் தொடங்கி ஐந்து வாரம் மறைத்தவர் இந்த முறை நான்காம் நாளில் கூப்பிட்டார்.

இப்போது மாற்றியிருப்பவை

க்ளோசபின் எடுக்கும் ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு முறையும், இப்போது எத்தனை சிகரெட் என்று கேட்டு எடை, ரத்த அழுத்தத்தோடு சேர்த்து எழுதுகிறோம். கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்கள் என்றும் கேட்கிறோம். இதற்கு அரை நிமிடம் ஆகிறது.

சட்டைப் பையில் வைக்க ஓர் அட்டை கொடுக்கிறோம். அதில் மருந்தின் அளவு, எங்கள் எண், பிறகு நான்கு வரிகள்: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்க வேண்டாம். சிகரெட் நின்றால் எங்களிடம் பேசுங்கள். காய்ச்சல் என்றால் வெள்ளை அணுக்களையும் க்ளோசபின் அளவையும் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் தரும் முன் கேளுங்கள். (இந்த ஆன்டிபயாட்டிக்கும் அதே நொதியை அடக்கும். இவருக்கு அதைத் தரவில்லை, தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.)

எங்களிடம் வருபவர் எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், தகவல் தெரிந்த அன்றே நாங்கள்தான் வார்டைக் கூப்பிட வேண்டும். அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை. அந்த எலும்பு முறிவு வார்டிலும் மாற்றம் வந்தது. தலைமைச் செவிலியர் தானாகவே சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்: “இவர் வழக்கமாக எப்படி இருப்பார்? கூட இருப்பவரிடம் கேட்டு எழுதவும்.”

செய்யாமல் இருக்கிறதும் ஒன்று உண்டு. மனச்சிதைவு உள்ளவரின் குடும்பத்தோடு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது பத்து முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. பத்து ஆண்டில் இந்த அக்காவோடு நாங்கள் முறையாக உட்கார்ந்தது இரண்டே முறை. இப்போது தொடங்கியிருக்கிறோம். மூன்றாவது சந்திப்பில், “எனக்கு ஒண்ணு ஆயிட்டா நோட்டை யார் எழுதுவாங்க?” என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தம்பிதான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் பாதியை நான் எழுதுகிறேன் என்றார். அக்கா தூக்கத்தையும் வயிற்றையும் எழுதுகிறார், அவர் குரலையும் சிகரெட்டையும் எழுதுகிறார். அக்காவுக்கு மாதத்தில் இரண்டு நாளாவது ஓய்வு கிடைக்க என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. வேறொரு உறவினரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதை எழுதும்போது வலிப்பு வந்து பதினைந்து மாதம். மறுபடி வரவில்லை. வால்ப்ரோயேட் நின்று ஓராண்டுக்கு மேல் ஆகிறது. சாயங்காலக் குரல் ஒன்று இருக்கிறது, அது இருக்கும்போதே பசை தடவி அட்டை ஒட்டுகிறார். எலும்பு இன்னும் முழுதாகச் சேரவில்லை, அடுத்த எக்ஸ்ரே வரும் மாதம்.